பன்னிரண்டு ரோஜாக்களும் எண்ணூறு மில்லியும்

ஜூன் 8, சனி

இந்த நோட்டு என் வீட்டுக்காரருடைய தண்ணீர் அளவை எழுத வாங்கியது. இரண்டு சிறுநீரகமும் போனபின் ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லிதான். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முன்பக்கங்களில் கட்டம் போட்டுத் தண்ணீரும் எடையும் எழுதுகிறேன். அது டாக்டர் பார்ப்பதற்கு. பின்பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. இருபத்தெட்டு வருஷம் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் நான். நடந்ததை எழுதி வைக்காவிட்டால் நடந்த மாதிரி இருக்காது.

இன்று ஓசூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு ரோஜாக் கன்றுகள். அனுப்பியது பெங்களூரில் இருக்கும் மகள் தாரணி. சாயந்திரம் போனில் பேசினாள்.

"அப்பா டிவி முன்னாடியே உக்காந்திருந்தா மனசு ஒடஞ்சு போயிருவாருன்னு ஆஸ்பத்திரி கவுன்சிலர் சொன்னாங்கம்மா. ஏதாச்சும் வளக்கட்டும்."

"சரி கண்ணு."

"உனக்கும் ரோஸ் புடிக்குமில்ல?"

"புடிக்கும்" என்றேன்.

அவளுக்கு நினைவில்லை. அப்போது ஆறு வயசு. நினைவில்லாததே நல்லது.

பெட்டியைப் பிரித்ததும் அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே போய் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

டயாலிசிஸ். போக ஒரு மணி நேரம், மெஷினில் நாலு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வந்ததும் அவர் படுத்தார். நான் துணி ஊறவைத்தேன். துவைக்கவில்லை.

ஜூன் 12, புதன்

பக்கத்துத் தெருவில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஆறுச்சாமி வந்து கொல்லையைப் பார்த்தார். எங்கள் மண் கரிசல். "இதுல வெச்சா தண்ணி நின்னு வேரு அழுகிப் போயிருமுங்க. ஒன்றரை அடி தோண்டிச் செம்மண்ணு போடோணும், நல்லா மக்குன சாணி, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு" என்றார். ஆள் கிடைக்குமா என்று கேட்டேன். எல்லோரும் மேட்டுப்பாளையம் பக்கம் வாழை வெட்டப் போய்விட்டார்களாம்.

நானே தோண்டத் தொடங்கினேன். இரண்டு குழிக்கு மேல் முடியவில்லை. மேகம் கறுத்தாலே இடது மணிக்கட்டு வலிக்கும். பழைய முறிவு.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசற்படியருகே உட்கார்ந்திருந்தார். மோட்டார் கம்பெனியில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவருக்கு அடுத்தவர் வேலை செய்வதைப் பார்த்துச் சும்மா இருக்க வராது.

"கடப்பாரைய அப்பிடிப் புடிக்காத. எடது கைக்கு எதுக்கு அத்தன பாரம் குடுக்கற?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்.

ஜூன் 13, வியாழன்

டயாலிசிஸ். உடம்பிலிருந்து இரண்டரை லிட்டர் நீர் எடுத்தார்களாம்.

ஜூன் 16, ஞாயிறு

ஐந்து நாளாக, நாளுக்கு இரண்டு மூன்றாக, பன்னிரண்டு குழியும் முடிந்தன. கடைசிக் குழியை அவர் தோண்டினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. டயாலிசிஸ் ஊசி போடாத கையால் மண்வெட்டியைப் பிடித்து அரை அடி தோண்டினார், மூச்சு வாங்கியது, உட்கார்ந்தார், மறுபடி அரை அடி. ஒரு காலத்தில் இரும்பு வார்ப்பைத் தனியாகத் தூக்கி வைத்த உடம்பு. என்னால் பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆறுச்சாமி வந்து நடக் காட்டிக் கொடுத்தார். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முடிச்சுக்குக் கீழே துளிர் வந்தால் அது காட்டு ரோஜா. உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக் கிளையின் சத்தை இழுத்துவிடும்.

"ஒட்டு சேந்துக்குமுங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு மாசம் போகோணுமுங்க. சேர்றதுன்னா சேரும். சேரலீன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"என்ற டாக்டரம்மாளும் இதேதான் சொல்றாங்க" என்றார் அவர். ஆறுச்சாமி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலையும் மாலையும் செடிகளுக்கு ஓஸ் பைப்பில் தண்ணீர் விடுகிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். செடியைப் பார்க்கவில்லை. பைப்பிலிருந்து விழும் தண்ணீரை.

"ஒரு செடிக்கு எத்தன ஊத்துவ?" என்று கேட்டார்.

"ரெண்டு லிட்டர் இருக்கும்."

அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. உள்ளே போய் அளவு ஜாடியில் ஐம்பது மில்லி கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் வைத்து நெடுநேரம் விழுங்காமல் இருந்தார்.

ஜூன் 20, வியாழன்

டாக்டரம்மாள் என்னைப் பார்த்து, "வேற யாராச்சும் சொந்தத்துல கிட்னி குடுக்கறவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குச் சர்க்கரை. எனக்குப் பொருந்தாது என்று ஏப்ரலிலேயே முடிவாகிவிட்டது. வேறு யாரும் இல்லை என்றேன்.

மெஷினில் இருந்த அவரைப் பார்க்காமல் நகர்ந்து போனார் டாக்டரம்மாள். நல்ல மாதிரி.

ஜூன் 23, ஞாயிறு

தாரணி வந்துவிட்டுப் போனாள். செடிகளைப் படம் எடுத்தாள். இரண்டு செடி துளிர் விட்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரத்தம் பாத்துட்டேன். அப்பாவுதும் என்னுதும் ஒரே குரூப். நான் குடுக்கறேன்."

அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

"மாப்பிள்ளை?" என்றேன்.

"ஒத்துக்கிட்டாரு. ஒரு கிட்னியோட எத்தனையோ பேரு இருக்காங்கம்மா. குழந்த பெத்துக்கறதுக்கும் ஒண்ணும் ஆகாதாம், ஒரு வருஷம் தள்ளி வெச்சாப் போதுமாம். உனக்குத்தான் பொருந்தாமப் போச்சு. பாவம், நீ எவ்வளவு ஆசைப்பட்டிருப்ப."

ரசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனேன். அடுப்படியில் ரசம் இல்லை. இன்று ரசம் வைக்கவே இல்லை.

அவளுக்கு வயது இருபத்தேழு.

ஜூன் 27, வியாழன்

டயாலிசிஸ். மூன்று செடியில் இலை உதிர்கிறது. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. ஆனால் தூக்கம் வருவதில்லை.

ஜூலை 1, திங்கள்

தாரணிக்கு ஆகஸ்ட் ஏழாம் தேதி முழுப் பரிசோதனை. இங்கேயே வந்து தங்கிச் செய்துகொள்வாளாம். விடுப்பும் சொல்லிவிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

தூறல்கூட இல்லை. ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் பால் காய்ச்ச உள்ளே வந்தேன். பால் காய்ச்சப் பத்து நிமிஷம் ஆனது. அவர் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் எண்ணூறு என்று எழுதினேன்.

ஜூலை 6, சனி

இன்றும் அப்படியே. எடை பார்க்க மறந்துவிட்டேன். எண்ணூறு.

ஜூலை 7, ஞாயிறு

எண்ணூறு. எடை பார்க்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஞாயிறு சாயந்திரம் ஆறு மணிக்கு அவருக்கு மூச்சு முட்டியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம். நுரையீரல் முழுக்க நீர். உடனே மெஷினில் போட்டு நாலரை லிட்டர் எடுத்தார்கள்.

"மூணு நாள்ல இவ்வளவு எப்படிம்மா ஏறுச்சு?" என்று டாக்டர் கேட்டார். நோட்டைக் காட்டினேன். எண்ணூறு, எண்ணூறு, எண்ணூறு. எடைக் கட்டம் இரண்டு காலியாக இருந்தது. அதில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரியலீங்க" என்றேன். "நான் சமையக்கட்டுல இருந்தேன்."

வீடு பூட்டிக் கிடந்ததில் ஒரு செடி பட்டுப்போய்விட்டது. பதினொன்று இருக்கின்றன.

ஜூலை 11, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சுக் குறைந்துவிட்டது. நாற்காலியைக் கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

காட்டுத் துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். முள் குத்தியது. எழுதிவிடுகிறேன்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே கொல்லையில் எனக்குப் பதினாறு ரோஜாச் செடி இருந்தது. பள்ளிக்கூட ஆசிரியைகள் வீடுகளிலிருந்து குச்சி வாங்கி வந்து, பெயின்ட் டப்பாவில் பதியம் போட்டு, நானாக வளர்த்தது. தினமும் ஒரு பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். யாருக்காக வைத்துக்கொண்டு போகிறாய் என்று அவர் கேட்க ஆரம்பித்தார். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து அரிவாளால் பதினாறையும் வெட்டினார். நான் குறுக்கே கையை நீட்டினேன். அரிவாளின் பின்பக்கம் என் மணிக்கட்டில் விழுந்தது. பின்பக்கம் விழுந்ததே அதிர்ஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்களிடம் நான் சொன்னது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று.

அவர் குடியை விட்டுப் பதினான்கு வருஷமாகிறது. தானாகவே விட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் என் பொறுமையைப் பாராட்டினார்கள். எது பொறுமை என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போனேன், சமைத்தேன், பிள்ளையை வளர்த்தேன்.

அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. தாரணி அன்று டியூஷனிலிருந்து வந்தபோது கொல்லையைக் கூட்டி முடித்திருந்தேன், கட்டுப் போட்ட கையோடு.

ஜூலை 15, திங்கள்

டயாலிசிஸ். பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

பரிசோதனைக்கு இன்னும் பதினேழு நாள்.

ஏப்ரலில் நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் சொன்ன பொய்யை நானே நம்பிவிடுவேன்.

எனக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. டாக்டரம்மாள் என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார். "இது நீங்களா விரும்பிக் குடுக்கறதுங்களா? யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேண்டாம்னு தோணுச்சுன்னா எங்கிட்டச் சொல்லுங்க. பொருந்தலைன்னு நானே சொல்லிக்கறேன். வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றார். எல்லோரிடமும் இப்படித்தான் கேட்பார்களாம்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அங்கேயே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பயமா என்றால் இல்லை. கத்திக்குப் பயமில்லை. உள்ளே இருக்கும் ஒன்றையாவது அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். இதைத் தப்பென்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் என் பிள்ளையின் வயிற்றைக் கீறித்தான் அதை நான் காப்பாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அதை நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சமையலறை ஜன்னலிலிருந்து கொல்லை முழுக்கத் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவர் ஓஸ் பைப்பை எடுத்து வாயில் வைத்துக் குடித்ததை நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை பால் குடிப்பது போலக் குடித்தார். நான் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. முதல் நாள், பாவம் குடிக்கட்டும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என்ன நினைத்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜூலை 25, வியாழன்

டயாலிசிஸ். டாக்டரம்மாள் தாரணியின் தேதியை உறுதி செய்தார். என்னிடம் மெதுவாக, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். அவர் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரையை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வதை மட்டும் அவராகவே எடுத்துக்கொள்வார். எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பொருந்தலைன்னு சொன்னது பொய்யிங்க" என்றேன். "பொருந்துச்சு. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அவர் கை நின்றது. ஒரு தண்டைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதினான்கு வருஷமாகக் கேட்காத அந்தக் குரலுக்கு உடம்பு தயாராகிக்கொண்டது. தோள் இறுகியது எனக்கே தெரிந்தது.

"ஏப்ரல்லயேவா?" என்றார்.

"ஏப்ரல்லயே."

"புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவள விட்டுருங்க. அவ குடுக்க வேண்டாம். வேணும்னா நான் இப்பப் போயி மாத்திச் சொல்றேன். குடுத்துர்றேன்."

"குடுத்துர்றேன்னா?"

அவர் மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார். ஒவ்வொரு இலையாக, மிகவும் மெதுவாக. அவர் கண்ணில் நீர் இல்லை.

"நான் பைப்புல தண்ணி குடிச்சனே, அன்னிக்கு நீ சன்னல்ல நின்ன" என்றார். "நானும் பாத்தேன்."

நானும் ஒரு தண்டை எடுத்துக்கொண்டேன்.

"பாத்துட்டேதான் குடிச்சேன். நீ சத்தம் போடுவியான்னு பாத்தேன். போடல. அப்பவே எனக்கு வெளங்கிப் போச்சு, நீ எந்த அளவுக்கு வந்துட்டீன்னு. நான் ஒண்ணும் கேக்கறதுக்கில்ல."

கீரைக் கட்டு முடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் எழுந்து போய் வேகவைத்தேன். இரண்டு தண்ணீர். வடித்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

அவர் கோபமாகத் தெரியவில்லை. சாப்பிட்டார். மாத்திரையை நான் எடுத்துத் தருவதற்கு முன்னால் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

டயாலிசிஸ். மெஷினில் இருந்தபோது டாக்டரம்மாளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, என்னை வெளியே போகச் சொன்னார். கால் மணி நேரம் பேசினார்கள். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தாரணிக்கு அவரே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"தாரணி, நீ புதன்கிழம வர வேண்டியதில்ல."

"ஏம்ப்பா?"

"என்ற இருதயம் வீக்கா இருக்குதாம். போன மாசம் மூச்சு முட்டுனதுல கெட்டுப் போச்சாம். இப்பத்திக்கு ஆபரேசன் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. டயாலிசிஸ்ஸே பண்ணிட்டு இருக்கலாம்."

"நீங்க சும்மா சொல்றீங்க. எனக்காகச் சொல்றீங்க."

"உங்கம்மாளக் கேளு. அவளும் கூடத்தான் இருந்தா."

போனை என் பக்கம் நகர்த்தினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா? நெசமாவா?"

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் கிணற்றடியில் விழுந்தேன் என்று சொன்ன அதே குரல் எனக்கு வந்துவிடும் என்று பயந்தேன். வரவில்லை. சாதாரணமாகத்தான் வந்தது.

"ஆமா கண்ணு. நானும் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

அவள் அழுதாள். கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாமா என்றாள். பார்க்கலாம் என்றோம். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி வைத்தாள்.

போனை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"எதுக்குங்க இப்படிப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குக் கொழந்தகிட்ட வாங்க மனசில்ல. வேண்டாம்னு சொன்னா அவ கேக்க மாட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "உன்ற பொய்யில பாதி என்றது, மணி. நீ ஒருத்தியாச் சொமக்க வேண்டாம்."

கல்யாணமாகி முப்பது வருஷம். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. இதையும் மன்னிப்பு என்று நான் எழுதமாட்டேன். ஆனால் இது மாதிரி ஒரு வார்த்தையும் அவர் இதுவரை சொன்னதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பதினோரு செடிக்கும் மண் அணைத்தேன். அவர் களைக்கொத்தை எடுத்து இரண்டு செடிக்குக் கொத்திவிட்டார். மொட்டு எதிலும் இல்லை. ஆறுச்சாமி, இன்னும் ஒரு மாசம் ஆகும் என்கிறார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

டயாலிசிஸ். மெஷினில் போடுவதற்கு முன்னால் டாக்டரம்மாள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இறந்தவர்களிடமிருந்து தானம் வரும்போது கொடுக்கும் அரசுப் பட்டியலில் அவர் பெயரைப் பதிந்துவிடலாம் என்றார். நாலு வருஷம், ஐந்து வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம்.

"பரவால்லீங்க. பேரு இருக்கட்டும்" என்றார் அவர்.

படிவம் நாலு பக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே நிரப்பினார். பெயர் வெள்ளிங்கிரி, வயது அறுபத்தொன்று, ரத்தப் பிரிவு. மூன்றாம் பக்கத்தில், குடும்பத்தில் தானம் செய்யக்கூடியவர் யாரேனும் உள்ளனரா என்று கேட்டிருந்தது. பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் வைத்திருந்தார். டாக்டரம்மாள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

'இல்லை' என்று எழுதினார். ஃபோர்மேன் கையெழுத்து, கோணலில்லாமல், அழுத்தமாக.

அதன் கீழே மனைவியின் ஒப்புதல் என்று ஒரு கோடு. படிவத்தை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். வெ. நாகமணி என்று கையெழுத்துப் போட்டேன்.

"தேதியும் போடு" என்றார்.

போட்டேன்.